கால்வாய்த் தெருவின் பச்சை

இந்த மாலைக் கூட்டத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருப்பவரும், தான் குறைவாகப் பேசி எங்களைப் போன்றவர்களை நிறையப் பேசவிட்டுப் பொறுத்துக்கொள்பவருமான நங்கூர நகர்க் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், மதிப்புக்குரிய அண்ணன் கிருஷ்ணப்பன் அவர்களே! முன்வரிசையில் இருமலை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, கண்ணைக் குடத்தின் மேலும் காதை என் மேலும் வைத்திருக்கும் தாய்மார்களே! துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தோள் தேய்ந்த ஒன்றாம் தெருத் தோழர்களே! பட்டறை நெருப்பில் பகலைக் கழிக்கும் இரண்டாம் தெரு நண்பர்களே! விடியலுக்கு முன் வலையோடு எழும் மூன்றாம் தெருச் சொந்தங்களே! ஷிப்டு முடிந்து ஒரு வாய்ச் சோறும் தின்னாமல் ஓடி வந்திருக்கும் நான்காம் தெரு உறவுகளே! கையில் கல்லோடு பின்வரிசையில் நிற்கும் கேரம் மன்றத்துக் காளைகளே! அத்தனை பேருக்கும் இந்தச் செங்குட்டுவனின் வணக்கம்!

வரதா, கல் என்றதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போகிறாயே, மேடையில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும் தம்பி. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். கல்லைக் கீழே போடு என்று சொல்ல மாட்டேன். வைத்துக்கொள். அதை யார் மேல் எறிய வேண்டும் என்று பேச்சின் முடிவில் நானே சொல்கிறேன்.

அன்புடையீர்! நீங்கள் இன்று என் சொல்லழகைக் கேட்க வரவில்லை. எனக்குத் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கால்வாய்த் தெருவில் நாம் புதிதாகக் கட்டித் திறந்த பால்வாடியில் ஒரு குழந்தை விழுந்தது. மூன்றாம் தெரு மதியின் மகள் மகிழினி. நான்கு வயது. தண்ணீர் டம்ளரை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே சரிந்தாள். இன்று பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கிறாள். கண் திறந்துவிட்டாள் என்று மதியம் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் டாக்டர் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

நேற்று சாயங்காலம், நெடுஞ்சாலை முனையில் இருக்கும் ஹபீபுல்லா பாயின் பிரௌசிங் சென்டர் கண்ணாடியை ஒரு கல் உடைத்தது. இன்று இந்தக் கூட்டம் முடிந்ததும் ஊர்வலமாக அங்கே போய், அவர் மகள் ஜஸீமாவின் கம்ப்யூட்டரைத் தெருவில் போட்டு உடைப்பதாக ஏற்பாடு. அதுவும் எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர், "அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பச்சைன்னு காட்டிச்சு, நம்பிப் புள்ளைங்கள வுட்டோம், பொய் சொல்லிட்டா" என்கிறீர்கள். மீதிப் பேர், "இடம் சுத்தமாத்தான் கீது, புள்ளைக்கு வலிப்பு, வேற ஒண்ணியும் இல்ல" என்கிறீர்கள். நாளை திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அந்தப் பால்வாடி மறுபடி திறக்கப் போகிறது. மகிழினி போக, மீதி இருபத்தைந்து குழந்தைகள். அந்த இருபத்தைந்து பேரையும் நாளைக் காலை எங்கே உட்கார வைப்பது? இன்றைக்கு இந்த மேடையில் கேள்வி இது ஒன்றுதான்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கமாக" என்று எழுதியிருக்கிறது. அண்ணே, முப்பது வருடமாக இதே சீட்டைத்தான் அனுப்புகிறீர்கள். இன்று ஒரு நாள் மன்னித்துவிடுங்கள்.

எப்படித் தொடங்கியது இந்தக் கதை? யாரால் தொடங்கியது? கம்ப்யூட்டரால் இல்லை ஐயா, காலண்டரால்! இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஒரு சுகாதார அதிகாரி இங்கே வந்தார். தாய்மார்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், நாத்தம் தாங்கல, புள்ளைங்க வாந்தி எடுக்குது" என்றார்கள். அவர் பேனாவைத் திறந்து, "எந்தத் தேதி?" என்று கேட்டார். யாருக்கும் தேதி தெரியவில்லை. பேனாவை மூடினார், ஜீப்பில் ஏறினார், போய்விட்டார். அன்று ராத்திரியே இரண்டாம் தெருத் தாயம்மா வீடு வீடாகப் போய், "இன்னாமே, மளிகைக்கடக்காரன் குட்த்த காலண்டரு செவுத்துல தொங்குதில்ல? நாறுற அன்னிக்கு அந்தத் தேதில ஒரு மூக்கு போட்டு வையி" என்று சொன்னார்.

மூக்கு! உங்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மேலிருந்து ஒரு கோடு, கீழே ஒரு சின்ன வளைவு. அவ்வளவுதான். எழுதத் தெரியாத தாயும் போடலாம். கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்தில், பால் வராத தேதிக்குப் பக்கத்தில், ஆண்பிள்ளைகள் கேட்கக் கூடாத சில தேதிகளுக்குப் பக்கத்தில், நம் வீட்டுக் காலண்டர்களில் மூக்கு முளைத்தது. சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்களைப் பாராட்டித்தான் சொல்கிறேன். அதிகாரியிடம் இல்லாத கணக்கு, நம்மைச் சுற்றி நிற்கும் ஆலைகளிடம் இல்லாத கணக்கு, அரசாங்கத்தின் அலமாரியில் இல்லாத கணக்கு உங்கள் அடுப்பங்கரைச் சுவரில் இருந்தது!

இந்த வருடம் பொங்கலுக்கு முன், ஜஸீமா அந்தக் காலண்டர்களைக் கேட்டு வந்தாள். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக் காலண்டர்கள். புது வருடம் பிறந்தால் பழைய காலண்டர் நம் வீட்டில் என்ன ஆகும்? பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை ஆகும். அதற்குள் அள்ளிவிட வேண்டும் என்று அந்தப் பெண் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் துணிப்பையோடு தெருத்தெருவாக அலைந்து, நூற்று எண்பத்து நான்கு வீடுகளின் காலண்டர்களைச் சேர்த்தாள்.

அவள் வேலை என்ன தெரியுமா? கணினிக்குள்ளே ஓர் உலகம் இருக்கிறது. மண் கிடையாது, ஆனால் தெரு உண்டு. செங்கல் கிடையாது, ஆனால் வீடு உண்டு. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் ஒரு பொம்மை உடம்பை எடுத்துக்கொண்டு அங்கே நடக்கலாம், பேசலாம், பறக்கலாம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த உலகத்தில் மாளிகை கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் இவள் வேலை பார்க்கிறாள். யாரோ ஒருவனுக்கு நீச்சல் குளமும் தோட்டமும் கட்டிக் கட்டிச் சலித்த பெண், ஒரு நாள் தன் சொந்த நேரத்தில் நமக்காக அங்கே என்ன கட்டினாள்? நங்கூர நகரைக் கட்டினாள்! தண்ணீர்த் தொட்டியைக் கட்டினாள், டீக்கடையைக் கட்டினாள், தாயம்மா வீட்டு வாசலில் உடைந்து கிடக்கும் அந்தச் சிமெண்டுப் படியைக்கூட உடைந்தபடியே கட்டினாள்!

சித்திரை மாதம் இதே மேடையில், இதோ எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் இதே வெள்ளைத் திரையில் அதைப் பார்த்தோமே, மறந்துவிட்டீர்களா? தலைவருக்கு ஒரு பொம்மை கொடுத்தாள். தலைவர் எதையோ அழுத்தப் போக, பொம்மை பறந்து போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. ஊரே சிரித்தது. பிறகு ஜஸீமா ஒரு பொத்தானைத் தட்டினாள். சிரிப்பு நின்றது. ஒவ்வொரு வீட்டுக் கூரை மேலும் ஒரு சிவப்புத் தூண் எழுந்தது. உங்கள் காலண்டரில் ஒரு மூக்கு என்றால் தூண் ஓர் அடி உயரும். தை போனது, மாசி போனது, பங்குனி போனது. முழு வருடமும் ஒரே நிமிடத்தில் ஓடியது. நான்காம் தெருவில் பத்தடி, மூன்றாம் தெருவில் பதினைந்தடி என்று நம் தெருக்கள் நம் கண் முன்னாலேயே சிவந்தன. தாளில் மூக்காக இருந்தபோது ஒவ்வொருத்தியும் தன் வீட்டுத் துன்பம் என்று நினைத்தாள். அன்றுதான் ஊர்த் துன்பம் என்று பார்த்தோம்.

அந்தச் சிவப்புக்கு நடுவே, மேற்கு ஓரத்தில், ஒரே ஒரு தெரு பச்சையாக இருந்தது. நாற்பத்தொரு வீடு. ஒரு தூண் கிடையாது. கால்வாய்த் தெரு! நான்தான் இதே மைக்கில் முழங்கினேன். "இதோ பாருங்கள்! பாலைவனத்துக்கு நடுவே பசுஞ்சோலை! பிஞ்சுகளின் நெஞ்சுக்குப் பாதுகாப்பான பூமி! பால்வாடியை அங்கே கட்டுவோம்!" கை தட்டினீர்கள். வந்திருந்த அதிகாரி தலையாட்டினார். ஆனி பிறப்பதற்குள் கட்டடம் எழுந்தது, சுண்ணாம்பு காயும் முன்பே பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஆனி முடியும் முன்பே மகிழினி விழுந்தாள்.

என்ன வரதா? சத்தமாகக் கேள். ஆமாம், அவள் உன் அக்கா மகள். உனக்குக் கேட்க உரிமை உண்டு. "எல்லாத்தியும் நீயே சொல்லிக்கினு கீறியே நைனா, நாத்தமே இல்லாத தெருவுல புள்ள எப்டி வுயுந்துச்சு?" அதைத்தானே கேட்கிறாய்? நானும் அதைத்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பூவம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன்.

பூவம்மாவை எல்லோருக்கும் தெரியும். இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போகிறவர். பால்வாடியை ஒட்டின வீடு. "உன் தெருவில் நாற்றம் வருமா பூவம்மா?" என்றேன். "இல்லியே நைனா, சுத்தமா கீது" என்றார். சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பியிருப்பேன். அப்போது அவர் மகன் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவன் கணக்குப் புத்தகத்தின் அட்டை காலண்டர்த் தாள். அதைத்தான் இப்போது கையில் தூக்கிப் பிடித்திருக்கிறேன், பின்வரிசைக்கும் தெரிகிறதா? ஜூலை, இரண்டாயிரத்து ஆறு. ஜஸீமா சேர்த்தது ஏழாம் ஆண்டு. இது அதற்கு முந்தைய வருடம். ஒன்றாம் தேதி ஒரு மூக்கு. இரண்டு, ஒரு மூக்கு. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஏழு நாளும் ஏழு மூக்கு! எட்டாம் தேதியிலிருந்து வெறும் தாள்.

"எட்டாம் தேதி நாற்றம் நின்றுவிட்டதா பூவம்மா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். "நிக்கல நைனா. தெனிக்கும் வர்றத எவ எழுதினு இருப்பா? முப்பது நாளும் மூக்கு போட்டா சிலிண்டரு வந்த தேதிய எங்க எழுதறது? அத்தொட்டு வுட்டுட்டேன். அப்பால கொஞ்ச நாள்ல அதுவா நின்னுபோச்சு."

அதுவாக நின்றுபோனதாம். எது நின்றது? கால்வாய்க்குள் யார் யாரோ விடும் குழாய்கள் நின்றனவா? மூடியிட்ட அந்தச் சாக்கடைக்குள் கொதிக்கும் ஆவி நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை ஐயா! நின்றது பூவம்மாவின் மூக்கு! பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். தினம் தினம் அந்த ஆவியையே சுவாசித்தால் மூக்கு அதை அறிவிப்பதை விட்டுவிடுமாம். நாற்றம் தெரியாது. நஞ்சு மட்டும் உள்ளே போகும். எப்போதாவது வாடை அடிக்கும் வீட்டில் மூக்கு விழித்திருந்தது, மூக்கு போட்டார்கள், தூண் உயர்ந்தது. எப்போதும் அடிக்கும் வீட்டில் காலண்டர் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையை நாம் சுத்தம் என்று படித்தோம். பிள்ளையை விடப் போன நம் மூக்கில் பட்டதையும், திரையில் பச்சை பார்த்த தெம்பில், வெறும் சாக்கடை வாடை என்று தள்ளிவிட்டோம்.

யார் அது, "கதை வுடுறாரு" என்பது? கதையா? என்னை நம்ப வேண்டாம் தம்பி. என் வாயை இனி இந்த ஊரில் யாரும் அவசரப்பட்டு நம்பக் கூடாது என்று சொல்லத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன். ஆனால்...

ஒரு நிமிடம். மைக் செட்காரரே, அந்தப் பாட்டு ஒலிபெருக்கியை அணையுங்கள். எல்லோரும் கொஞ்சம் அமைதி. சங்கத்துக் கொடியைப் பாருங்கள். இவ்வளவு நேரம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது கடல் பக்கமாக அடிக்கிறது. மேலைக் காற்று எழுந்துவிட்டது. கால்வாயைத் தாண்டி வருகிற காற்று.

வருகிறதா? வருகிறது. அழுகிய முட்டை. எனக்கும் வருகிறது, தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறேன். பொத்திக்கொள்ளுங்கள் தாய்மார்களே. முந்தானையை எடுங்கள். தலைவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். வரதா, நீயும் கல்லைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கையால் மூக்கைப் பிடிக்கிறாய். முன்வரிசை பொத்திக்கொண்டது. பின்வரிசை பொத்திக்கொண்டது. வலப்பக்கம் முழுக்க முகத்தில் துணி.

இப்போது இடப்பக்கம் பாருங்கள்.

வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்களே, முப்பது நாற்பது பேர். ஒரு கை மேலே போகவில்லை. ஒரு முந்தானை அசையவில்லை. அந்தக் குழந்தை பொரி தின்றுகொண்டிருக்கிறது. பூவம்மா, உன் கை ஏன் மடியிலேயே கிடக்கிறது? என்ன சொல்கிறாய்? உரக்கச் சொல், ஊர் கேட்கட்டும்.

"இன்னா நைனா அல்லாரும் மூஞ்ச மூடிக்கினீங்க? இன்னா நாத்தம்? எங்க நாத்தம்?"

கேட்டீர்களா ஐயா, கேட்டீர்களா? கிருஷ்ணப்பன் அண்ணே, கேட்டீர்களா? அந்த நாற்பது பேரும் கால்வாய்த் தெரு! நம் திரையில் பச்சையாக நின்ற தெரு! கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்பது பேர்தான் நம் ஊரிலேயே அதிகம் நஞ்சு குடித்தவர்கள்! அவர்களுக்கு நடுவில்தான் நாம் இருபத்தாறு பிஞ்சுகளை வரிசையாக உட்கார வைத்து அகரம் சொல்லிக் கொடுத்தோம்!

உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். வரதா, நீ எழுந்து நிற்கிறாய், நில். உன் கேள்வி புரிகிறது. "அப்போ அந்தப் பொண்ணு பொய்தானே காட்டுச்சு? வெறுந்தாள பச்சைன்னு சொன்னா இல்ல?" என்கிறாய். நேற்று அவள் கடைக் கண்ணாடியை உடைத்ததற்கும் அதுதான் காரணம். இப்போது கேள் தம்பி. மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன்.

சித்திரைக் கூட்டத்துக்கு முந்தைய நாள், ஹபீபுல்லா பாயின் கடையில், ஜஸீமா எனக்கு மட்டும் அந்த ஊரைப் போட்டுக் காட்டினாள். அன்று கால்வாய்த் தெரு பச்சை இல்லை. சாம்பல். நாற்பத்தொரு வீடும் சாம்பல் நிறம். "இது என்னம்மா, இழவு விழுந்த தெரு மாதிரி?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "மாமா, இந்தத் தெருவுல பன்னெண்டு தாளும் வெறுமையா கீது. நாத்தம் வரலியா, வந்தும் எழுதலியா, எனக்குத் தெர்ல. தெரியாததுக்கு இந்த நெறம். எனக்கு ஒரு வாரம் குடுங்க மாமா, வூடு வூடாப் போயி கேட்டுட்டு வந்துர்றேன்."

ஒரு வாரம் கேட்டாள்! ஒரே ஒரு வாரம்! நான் என்ன சொன்னேன்? "நாளைக்கு அதிகாரி வருகிறார், சாம்பல் நிறம் மேடையில் எடுபடாது, தூண் இல்லாத இடத்தில் பச்சை போடு" என்று சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். "மாமா, தெரியாததுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் கீது" என்றாள். இருபத்து மூன்று வயதுப் பெண். நான் சங்கச் செயலாளர். கையில் மைக் பிடித்த திமிர். "நான் சொல்றதைச் செய்" என்று அதட்டினேன். ஹபீபுல்லா பாய் மகளைப் பார்த்தார். என் வயதுக்கும் என் பதவிக்கும் மரியாதை கொடுத்து, "போட்டுக் குடும்மா, பெரியவர் சொல்றாருல்ல" என்றார். அவள் கண்ணில் நீர் நின்றது. பச்சை போட்டாள்.

பொய் சொன்னது அவள் கம்ப்யூட்டர் இல்லை வரதா. பசுஞ்சோலை என்று முழங்கினேனே, இந்த வாய்! உன் அக்கா மகளை அந்தத் தரையில் விழ வைத்தது இந்த வாய்! நேற்றுக் கல் பட்ட கடையில் அந்தப் பெண் கண்ணாடித் துண்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாளே தவிர, "மாமாதான் சொன்னார்" என்று ஒரு ஆளிடமும் சொல்லவில்லை. இதோ மேடைக்குக் கீழே, நான் கூப்பிட்டதால் வந்து, சங்கத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஜஸீமா, ஊர் அறிய உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் அம்மா. மதி, நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், நாளைக் காலை வந்து உன் காலில் விழுகிறேன். அண்ணே, செயலாளர் பதவி இதோ, இந்தத் துண்டோடு மேசை மேல் வைத்துவிட்டேன். வரதா, கல்லை யார் மேல் எறிய வேண்டும் என்று முடிவில் சொல்வதாகச் சொன்னேன். இதோ நிற்கிறேன்.

ஆனால் எறிவதற்கு முன் ஒன்று கேள். நாளைக் காலை ஒன்பது மணி நிற்காது. இருபத்தைந்து குழந்தைகளுக்கு இடம் வேண்டும். நெடுஞ்சாலைப் பக்கம், கால்வாய்க்கு எட்டாத தூரத்தில், கூரை உள்ள பொதுக் கட்டடம் நம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். கேரம் மன்றம். உங்கள் கையால் மண் சுமந்து கட்டியது. மாவட்டப் போட்டிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, நான்கு போர்டும் அங்கேதான் கிடக்கிறது, எல்லாம் தெரியும். அதைக் கேட்கிறேன். கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். கொடுப்பீர்களா? இளைஞர்களே, கொடுப்பீர்களா? வரதா...

கையை ஓங்குகிறான். யாரும் தடுக்காதீர்கள். விடுங்கள்.

...

மன்னிக்க வேண்டும். தலையைக் குனிந்துவிட்டேன். கிழவனுக்கும் உயிர் மேல் ஆசைதான் போலிருக்கிறது. மேடையில் வந்து விழுந்தது கல் இல்லை ஐயா. சாவி. கேரம் மன்றத்துச் சாவி! பவுடர் ஒட்டியிருக்கிறது பாருங்கள், சிவப்புக் கயிற்றில் கோத்தது. என்ன சொல்கிறாய் வரதா? "உன்ன அப்பால வச்சிக்கிறேன் நைனா. மொதல்ல புள்ளைங்க." அப்படியே ஆகட்டும் தம்பி. அப்புறம் வைத்துக்கொள். நான் எங்கும் ஓடிப் போக மாட்டேன்.

கை தட்டாதீர்கள். பூவம்மா எழுந்துவிட்டார். "புள்ளைங்கள பகல்ல தூக்கினு போயிடுவீங்க. ராவிக்கு எங்க புள்ளைங்க அதே வூட்டுக்குத்தானே நைனா வரும்? எங்களுக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை பூவம்மா. முப்பது வருடத்தில் மேடையில் நின்று "பதில் இல்லை" என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை. தெரிந்த மாதிரி பேசித்தான் இந்த நிலைக்கு வந்தோம். ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உன் மூக்கு உனக்குச் சொல்லாது. அதனால் நாளையிலிருந்து எங்கள் மூக்கை உனக்கு இரவல் தருகிறோம். காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு, முறை வைத்து ஒரு தாய் கால்வாய்த் தெருவுக்கு வந்து, நாற்பத்தொரு வாசலிலும் நின்று, மூச்சை இழுத்துப் பார்த்து, உங்கள் காலண்டரில் மூக்கு போடுவாள். முப்பது நாளும் வந்தால் முப்பது மூக்கும் போடுவாள். சிலிண்டர் தேதிக்கு இன்னொரு காலண்டர் நான் வாங்கித் தருகிறேன். தாய்மார்களே, முதல் முறைக்கு யார் போகிறீர்கள்? தாயம்மா கை தூக்கிவிட்டார். இன்னும் பத்துக் கை. போதும், போதும், வரிசை தலைவர் எழுதுவார்.

நாளைப் பத்து மணிக்குச் சுகாதார அலுவலகத்துக்கு மனுவும் போகும். ஜஸீமா, அந்தத் திரையில் ஊரைப் போடு அம்மா. கால்வாய்த் தெருவுக்கு என்ன நிறம் என்று இந்த முறை நான் சொல்ல மாட்டேன். நீயே போடு.

சாம்பல். நாற்பத்தொரு வீடும் சாம்பல். பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. நமக்குத் தெரியாது என்று நாமே ஒப்புக்கொண்ட நிறம் அது. நம் தாய்மார்களின் மூக்கு அதை என்ன நிறம் ஆக்குகிறதோ, அந்த நிறத்தோடு மறுபடி அந்த அலுவலக வாசலில் போய் நிற்போம். யார் குழாய், யார் கால்வாய், யார் பொறுப்பு என்று தேதியோடு கேட்போம். இந்த முறை எவன் பேனாவை மூடுகிறான் என்று பார்ப்போம்!

ஊர்வலம் உண்டு. ஏற்பாடு செய்த ஊர்வலத்தைக் கலைக்க வேண்டாம். இங்கிருந்து கிளம்பி, பிரௌசிங் சென்டர் வழியாக இல்லை, நேராகப் பால்வாடிக்கு. பாய்களைச் சுருட்டுங்கள், பலகையைக் கழற்றுங்கள், சத்துமாவு மூட்டையை நான்கு பேர் தூக்குங்கள், எடை பார்க்கும் தராசை வரதன் தூக்கட்டும். இருட்டுவதற்குள் எல்லாம் கேரம் மன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கண்ணாடிக்காரர் யாராவது இருந்தால் பாயின் கடைக்கும் ஒரு அளவு எடுத்துக்கொண்டு போங்கள்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கல்லைப் பையில் வைத்துச் சாவியை எறிந்த இளைஞர்களுக்கும், தண்ணீர் லாரி வந்து போனதுகூடத் தெரியாமல் நின்ற தாய்மார்களுக்கும் என் நன்றி. விடைபெறும் முன் ஒரு குறை பாக்கி இருக்கிறது. இந்தப் பேச்சைத் தொடங்கும்போது தெருத்தெருவாகப் பேர் சொல்லி வணக்கம் வைத்தேனே, ஒன்றாம் தெரு, இரண்டாம் தெரு, மூன்று, நான்கு என்று. ஒரு தெருவை விட்டேன். நான் வேண்டுமென்று விடவில்லை. முப்பது வருடமாக எல்லா மேடையிலும் அப்படியே விட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. உங்களில் யாருமே கவனிக்கவில்லை, பாருங்கள்.

வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கும் கால்வாய்த் தெருவின் தாய்மார்களே, பெரியோர்களே, பொரி தின்னும் குழந்தைகளே! பூவம்மா! உங்களுக்கு என் வணக்கம்.